கல்வெட்டு வைத்த பிறகு

ஒரு பணி முடிந்துவிட்டது என்பதற்கு அலுவலகத்தில் மூன்று சாட்சிகள் இருக்கும்: பணி நிறைவுச் சான்று, நிதி பயன்பாட்டுச் சான்று, சுவரில் பதித்த கல்வெட்டு. மூன்றும் சேர்ந்து சொல்வது ஒரே செய்திதான். ஒதுக்கிய பணம் செலவாகிவிட்டது. மழைக்குத் தண்ணீர் வடிந்ததா, குழாயில் குடிநீர் வந்ததா, கட்டிய கழிப்பறையின் பூட்டு திறந்திருக்கிறதா என்று கேட்டால் மூன்றும் வாய் திறக்காது. திட்டம் தீட்டுவது, நிதி வாங்குவது, வேலையைக் கண்காணிப்பது எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டன. வேலை முடிந்து, பந்தல் பிரித்து, எல்லோரும் கலைந்த பிறகு செய்யவேண்டியதைப் பற்றியது இது. வார்டு கவுன்சிலர், குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், தொண்டு நிறுவனக் களப்பணியாளர், நகராட்சியின் இளநிலைப் பொறியாளர் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். பொறுமை வேண்டும், ஓர் அளவு நாடா வேண்டும், ‘நம்ம ஆளு போட்ட ரோடு’ என்ற பாசத்தைக் கொஞ்ச நேரம் வீட்டில் விட்டுவர வேண்டும்.

உதாரணத்துக்குத் திருநின்றவூரை எடுத்துக்கொள்கிறேன். 2021இல் பேரூராட்சியாக இருந்து நகராட்சியான ஊர். அரக்கோணம் ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. பக்கத்திலேயே சி.டி.எச். ரோடு. ஒரு பெரிய ஏரி. வயலாக இருந்து மனையாக மாறிய நகர்கள். கிழக்கே ஆவடி மாநகராட்சி, நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை. இப்படி வளரும் ஊரில் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வடிகாலோ சாலையோ குடிநீர்க் குழாயோ முடிந்துகொண்டே இருக்கும்.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு இந்த ஊரிலேயே பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் வரும் பூசலார் நாயனார் இவ்வூர்க்காரர். காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்த பல்லவ மன்னனின் கனவில் சிவபெருமான் வந்து, நின்றவூரில் அன்பன் ஒருவன் எழுப்பிய கோயிலுக்கு அதே நாளில் போகவேண்டியிருக்கிறது, உன் குடமுழுக்கைத் தள்ளிவை என்கிறார். மன்னன் புறப்பட்டு வந்து விசாரிக்கிறான். அப்படி ஒரு கோயிலே இங்கு இல்லையே என்கிறார்கள் ஊரார். கோயில் பூசலாரின் நெஞ்சுக்குள் இருந்தது. பக்திக்கு அது உச்சம். கோப்புக்குள் மட்டும் இருக்கும் சிறுபாலத்துக்கு அந்தச் சலுகையைத் தர முடியாது. மன்னன் செய்ததைத்தான் நாமும் செய்யப்போகிறோம்: ஊரில் இறங்கி, ‘எங்கே அது?’ என்று கேட்பது.

முதலில் காகிதம்

வெறுங்கையோடு களத்துக்குப் போனால் கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்பது கையில் இருந்தால்தான் என்ன நடந்தது என்று பார்க்க முடியும். மன்றத் தீர்மானம், எஸ்டிமேட், வரைபடம், வேலை உத்தரவு, அளவைப் புத்தகத்தில் அந்த வேலைக்குரிய பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்ளுங்கள். கேட்டுப் பார்த்தாலே சில அலுவலகங்களில் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காத இடத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள் காத்திருப்பு. பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

இந்தச் சட்டத்தில் பலரும் பயன்படுத்தாத ஒரு வசதி உண்டு. பிரிவு 2இன் ‘ஜே’ உட்பிரிவு நகல் வாங்குவதோடு நிற்கவில்லை. நடந்த பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. எனவே மனுவில் இப்படி எழுதுங்கள்: “இன்ன வார்டு, இன்ன தெருவில் இன்ன ஆண்டில் முடிக்கப்பட்ட மழைநீர் வடிகால் பணியின் நிர்வாக அனுமதி, மதிப்பீடு, வரைபடம், வேலை உத்தரவு, அளவைப் புத்தகப் பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். அப்பணியைத் தொழில்நுட்ப அலுவலர் முன்னிலையில் பார்வையிட ஒரு நாளும் நேரமும் குறித்துத் தெரிவிக்கவும்.” ஏன் கட்டினீர்கள், யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குத் ‘தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

அளவைப் புத்தகத்தைப் பார்த்து மிரள வேண்டாம். வேலையின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், கன அளவு என்று வரிசையாகக் கட்டங்கள். கீழே அளந்தவர் கையெழுத்து, மறு அளவீடு செய்தவர் கையெழுத்து, தேதி. ஒப்பந்ததாரருக்குப் போன ஒவ்வொரு ரூபாயும் இந்தக் கட்டங்கள் வழியாகத்தான் போயிருக்கும். நாடாவைப் பிடித்து நீளத்தையும் அகலத்தையும் ஒத்துப்பார்க்க அரை மணி நேரம் போதும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நீளத்தில் ஏமாற்றுவதெல்லாம் பழைய காலத்துக் கதை.

பிரச்சினை பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும். வடிகால் வெறும் கான்கிரீட் பெட்டியல்ல. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறங்க வேண்டியது. எஸ்டிமேட்டில் 500க்கு 1 என்று சரிவு குறித்திருந்தால், 100 மீட்டர் ஓட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இதைச் சோதிக்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவலே போதும். 15 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து நின்றால், இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வடிகாலின் தளம்வரை இரண்டு இடத்திலும் அளந்தால், வித்தியாசம்தான் சரிவு. நாம் சொன்ன கணக்குக்கு 15 மீட்டரில் 3 சென்டிமீட்டர் வர வேண்டும். அடுத்த 15 மீட்டருக்கு நகருங்கள். எங்கேயாவது கணக்கு தலைகீழாக வந்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், கொசு வளரும். காகிதத்தில் வடிகால், தரையில் நீளமான தொட்டி.

அளக்குமுன் மண்ணை மறக்காதீர்கள். அடியில் ஒரு சாண் வண்டல் படிந்திருந்தால் நீங்கள் அளப்பது வண்டலை. ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி, கான்கிரீட்டில் தட்டும் இடம்வரை அளக்க வேண்டும். வண்டலின் ஆழத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும். மூடிய வடிகாலுக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு இருக்கும், மூடியைத் திறந்து மேலிருந்து அளக்க முடிந்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். ஏரிக்குள் விழுகிறதென்றால், ஏரியின் கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். கலங்கலின் மேல்மட்டம்தான் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம். வடிகாலின் வாய் அதற்குக் கீழே இருந்தால் ஏரி நிரம்பிய நாளில் தெருத் தண்ணீர் ஏரிக்குப் போகாது, ஏரித் தண்ணீர் தெருவுக்கு வரும். அந்தத் தூரத்துக்கு ட்யூப் லெவல் போதாது. பக்கத்துப் பாலிடெக்னிக்கில் சிவில் துறை ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். மாணவர்களுக்கு லெவல் எடுக்கும் பயிற்சி, உங்களுக்கு அறிக்கை.

எப்போது போவது

மே மாதத்தில் எல்லா வடிகாலும் நல்ல வடிகால்தான். அளப்பதற்கு மார்ச், ஏப்ரல். தீர்ப்பு எழுதுவதற்கு வடகிழக்குப் பருவமழை. இரண்டும் முடியாமல் அறிக்கையை மூடக்கூடாது. மழையே சரியாகப் பெய்யாத ஆண்டைக் காட்டி, ‘வடிகால் வந்தபிறகு தெருவில் தண்ணீரே நிற்கவில்லை’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு மழைமானிக் கணக்கைக் கேளுங்கள். ஒரே அளவு மழை பெய்த இரண்டு நாட்களைத்தான் ஒப்பிட வேண்டும்: கட்டுவதற்கு முன் ஒன்று, கட்டிய பின் ஒன்று.

கட்டுவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று பெரும்பாலும் யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். அது நம் ஊர்த் திட்டங்களின் நிரந்தர நோய். ஆனால் ஊருக்கு நினைவு இருக்கிறது. 2015 டிசம்பர், 2021 நவம்பர், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் என்று தேதி சொல்லிக் கேட்டால் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். “அம்மா, அந்தப் புயலப்போ தண்ணி எத்தனை படி ஏறிச்சு?” என்று கேளுங்கள், எத்தனை அடி என்று கேட்காதீர்கள். படியை நீங்களே அளந்துகொள்ளலாம். செல்போனில் எடுத்த படங்களுக்குத் தேதி உண்டு. சுவரில் நீர்க்கறை உண்டு. குடிநீர்த் திட்டமென்றால் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த ரசீதுகள் உண்டு. இவற்றை வைத்தே முந்தைய நிலையை ஓரளவு எழுப்பிவிடலாம். வடிகால் போடாத பக்கத்துத் தெரு ஒன்றையும் அதே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு தெருவிலும் தண்ணீர் ஒரே நேரத்தில் வடிந்திருந்தால் பெருமை வடிகாலுக்கு உரியதல்ல.

இதுவரை சொன்னது முதல் சுற்று. இரண்டாவது சுற்று, ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்கு முன்பு. எத்தனை மாதம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதற்குள் கண்டுபிடித்த விரிசலை அவர் செலவில் சரிசெய்யலாம். மறுநாள் கண்டுபிடித்தால் நம் வரிப்பணம்.

மூன்றாவது சுற்று பத்து, இருபது ஆண்டு கழித்து. யாரும் போவதில்லை. போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ரயிலில் அரை மணி தூரத்திலேயே சான்று இருக்கிறது. 1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னையில் தொடங்கிய முதல் நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள்; வீட்டை மக்களே மெல்ல மெல்லக் கட்டிக்கொள்ளட்டும் என்பது யோசனை. சின்ன மனை ஏழைக்கு, பெரிய மனை நடுத்தர வர்க்கத்துக்கு, பெரிய மனையின் லாபம் சின்ன மனையின் விலையைக் குறைக்க. பின்னால் வந்த கட்டங்களில் முகப்பேர் போன்ற இடங்களும் சேர்ந்தன. முடிந்த கையோடு எழுதிய மதிப்பீடுகள் உற்சாகமாக இல்லை. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, ஊருக்கு வெளியே இருக்கின்றன, தவணை வசூல் மந்தம், பரம ஏழைக்குப் போய்ச் சேரவில்லை என்றெல்லாம் குறை. 1990களில் இந்த முறையையே உலக அளவில் கைவிட்டுவிட்டார்கள்.

சுமார் இருபது ஆண்டு கழித்து கேத்ரின் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகிய மூவர் சென்னையிலும் மும்பையிலும் அந்த இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். ‘வேர்ல்டு டெவலப்மென்ட்’ ஆய்விதழில் 2018இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை, தோல்வி என்று முடிவுகட்டியது வெற்றியாக இருந்ததா என்றே கேட்கிறது. காலிமனைகள் எல்லாம் வீடாகிவிட்டன. பல வருமானப் பிரிவினர் கலந்து வாழும் குடியிருப்புகளாக அவை மாறியிருந்தன. மனை அளவுகளைக் கலந்துபோட்டதும், தெருக்களை நடக்கத் தோதாகப் பிரித்ததும் பலன் தந்திருந்தன. அவசரத்தில் போட்ட மதிப்பெண் ஒரு நல்ல முறையையே ஒழித்துக்கட்டிவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. முகப்பேரில் ஏரித் திட்டம் என்ற பெயரிலேயே மனை போட்டதும் நடந்திருக்கிறது. அதன் விலையை மழைக்காலம் தனியாக வசூலிக்கும். இருபது ஆண்டு கழித்துப் போகிறவர் இரண்டையும் எழுத வேண்டும்.

யாரிடம் கேட்பது

திறப்புவிழாவுக்கு வந்தவர்களிடம் கேட்காதீர்கள். கடைமடைக்குப் போங்கள். குடிநீர்க் குழாயென்றால் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் வராமல் இருக்காது; கடைசித் தெருவின் கடைசி வீட்டில் எத்தனை குடம் வருகிறது என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் பத்து வீடு, நடுவில் பத்து, கடைசியில் பத்து. இந்த முப்பது போதும். காலையில் வேலைக்குப் போகிறவர்களைப் பிடிக்க ஒரு மாலை, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முற்பகல் என்று இருவேளை போனால்தான் பெண்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கணக்கில் வருவார்கள். நலச்சங்கக் கூட்டங்களில் வீட்டு உரிமையாளர்கள் குரல்தான் கேட்கும். தரைத்தளத்தில் நனைபவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள்.

எல்லோரையும்விட அதிகம் தெரிந்த ஆள் மோட்டார் ஆபரேட்டர். அதற்கடுத்து தூய்மைப் பணியாளர். “அண்ணா, போன வாரம் எத்தனை நாள் மோட்டார் ஓடிச்சு?” என்ற ஒரு கேள்வி முழு அறிக்கைக்குச் சமம். அவர் பெயரை எங்கும் எழுதாதீர்கள். தற்காலிக வேலையில் இருப்பவர், உங்கள் அறிக்கையால் வேலை போகக்கூடாது.

கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்பதும் கேட்டே ஆகவேண்டியது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க ஊராட்சிக்கு ஒன்றாக ஒருங்கிணைந்த பெண்கள் சுகாதார வளாகங்கள் கட்டினார்கள், 12,000க்கும் மேல். குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் கல் என்று யோசித்துக் கட்டிய கட்டடம். எண்ணிக்கையில் பார்த்தால் சாதனை. சில ஆண்டுகளிலேயே ஏராளமானவை பூட்டிக் கிடந்தன. மோட்டார் பழுதானால் யார் சரிசெய்வது, தண்ணீர் எங்கிருந்து வரும், சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்பதற்கு ஏற்பாடு பலவீனம். ஆட்சி மாறிய கையோடு கவனிப்பும் போனது. 2011க்குப் பிறகு மறுபடி நிதி ஒதுக்கிப் புதுப்பித்தார்கள். கட்டியதையே இரண்டாம் முறை கட்டியதற்குச் சமம். எனவே எந்தக் கட்டடத்தை மதிப்பிட்டாலும் கடந்த 12 மாத மின்கட்டண ரசீதை வாங்கிப் பாருங்கள். யூனிட் கணக்கே போதும், கட்டடம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஒரே ஊர், இரண்டு திட்டம்

திருநின்றவூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு மூலைக்குப் போவோம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்று இரண்டு ஊர், இரண்டு பாசன ஏரி. இரண்டையும் இணைத்துச் சென்னைக்கு ஒரு குடிநீர்த் தேக்கம் கட்டினார்கள். 2013இல் அடிக்கல், 2020 நவம்பர் 21இல் திறப்பு. சுமார் 330 கோடி ரூபாயில் தொடங்கிய மதிப்பீடு 380 கோடியில் முடிந்தது. 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பிறகு சென்னைக் குடிநீருக்கென்று கட்டிய புதிய நீர்த்தேக்கம் இது.

இதை எப்படி எடைபோடுவது? வாக்குறுதியைத் தேடுங்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி, அதாவது அரை டி.எம்.சி.; ஆண்டுக்கு இரண்டு முறை நிரப்பி ஒரு டி.எம்.சி. தண்ணீர் எடுப்பது என்பது கணக்கு. ஆகவே ‘தேக்கம் நிரம்பியது’ என்று பத்திரிகையில் படம் வந்தால் பாதிக் கேள்விக்குத்தான் விடை. அந்த ஆண்டில் எத்தனை முறை நிரம்பி, எவ்வளவு வெளியே போனது என்பது மீதிப் பாதி. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. மாதம் ஒரு தேதி எழுதிவந்தாலே ஐந்து ஆண்டுப் படம் கிடைத்துவிடும். இதற்கு மனுவே போட வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்டலேறு–பூண்டி கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரை நம்பிய தேக்கம் இது. அந்தக் கால்வாய்க்கே ஒரு நீண்ட வரலாறு: ஆந்திரத்தோடு செய்த 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி., 1996இல்தான் முதல் தண்ணீர், பெரும்பாலான ஆண்டுகளில் சொன்ன அளவு வந்ததில்லை. கால்வாயின் கரையும் தளமும் பலவீனமாகி வழியிலேயே நீர் போனதால், சத்ய சாய் அறக்கட்டளை செலவு செய்து 2000களின் முற்பகுதியில் சீரமைத்துக் கொடுத்தது. ஒரு திட்டத்தின் குறை அடுத்த திட்டத்தின் அடித்தளமாக உட்கார்ந்திருப்பதை இங்கே பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, எந்தக் கோப்பிலும் வராதது. அதே தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல், புதர்க்காட்டு நிலத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. மிச்லின் டயர் ஆலை அங்கேதான் இருக்கிறது. ஆடுமாடு மேய்த்தும் விறகும் மூலிகையும் எடுத்தும் அந்த நிலத்தை நம்பியிருந்த, பெரும்பாலும் தலித் குடும்பங்களான ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். 2012 ஜூலையில் ஊர்ச் சங்கமும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கம் ஒன்றும் சேர்ந்து மிச்லினின் சொந்த நாடான பிரான்சிலேயே, ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) நெறிமுறைகளுக்கான தேசியத் தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தன. கும்மிடிப்பூண்டியின் மேய்ச்சல் நிலம் பாரிஸில் விவாதமானது.

தொழிற்பூங்காவை மதிப்பிடுபவர் வேலைவாய்ப்பையும் முதலீட்டையும் எண்ணுவார், தேறிவிடும். தேக்கத்தை மதிப்பிடுபவர் சென்னைக்குப் போன தண்ணீரை எண்ணுவார், அதுவும் தேறலாம். பத்தே ஆண்டு இடைவெளியில் மேய்ச்சல் நிலமும் பாசன ஏரியும் கையைவிட்டுப் போன ஊரை எந்த அறிக்கையில் தேடுவது? தொழிற்பூங்காவின் அறிக்கையில் ஏரி வராது, தேக்கத்தின் அறிக்கையில் மேய்ச்சல் வராது. மதிப்பீட்டுக்கென்று உலகெங்கும் புழங்கும் ஓ.இ.சி.டி. அளவுகோல்கள் 1991 முதல் ஐந்தாக இருந்தன: பொருத்தம், பலன், சிக்கனம், தாக்கம், நீடிப்பு. 2019இல் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஒரு திட்டம் அக்கம்பக்கத்துத் திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்பது. மற்ற ஐந்தையும் ஆலோசகர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார்கள். ஆறாவதுதான் நம் பகுதிக்கு வேண்டியது. எனவே எப்போதும் ஒரு பக்கத்தை ஊருக்கென்று ஒதுக்குங்கள். கடந்த 15 ஆண்டுகளில் இந்த ஊருக்குள் வந்த எல்லாத் திட்டங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊரிலிருந்து போனது எது, ஊருக்கு வந்தது எது என்று குறியுங்கள். வேலை கிடைத்தது என்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, நிரந்தரமா ஒப்பந்தமா என்பதையும் சேர்த்து.

பாடத்தை எழுதுவது

மதிப்பீட்டு அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் வழக்கமாக இருக்கும் வரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘பராமரிப்பில் கூடுதல் கவனம் தேவை.’ ‘மக்கள் பங்கேற்பை ஊக்குவிக்க வேண்டும்.’ ‘துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு அவசியம்.’ இவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். அடுத்த எஸ்டிமேட்டில் ஒரு வரியாவது மாறினால்தான் அதைப் பாடம் என்று ஒத்துக்கொள்வேன். அப்படி மாற்ற முடியாததை எழுதுவதில் காகிதம்தான் வீண்.

நம் உதாரண வடிகாலுக்கு வருவோம். ‘பராமரிப்பில் கவனம்’ என்பதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: “ஓராண்டில் 15 சென்டிமீட்டர் வண்டல் சேர்ந்திருக்கிறது. மூடிகள் கான்கிரீட்டில் ஒட்டியிருப்பதால் திறக்க முடியவில்லை. அடுத்த எஸ்டிமேட்டில், கையால் தூக்கக்கூடிய மூடிகளும், அவற்றுக்கிடையே அதிகபட்ச இடைவெளியும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். செப்டம்பர் மாதத் தூர்வாரலுக்குத் தனித் தொகை வேண்டும்.” ஒருங்கிணைப்பு என்பதற்குப் பதிலாக: “வடிகாலின் வாய் ஏரியின் கலங்கல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இனி ஏரியில் சேரும் எந்த வடிகாலுக்கும் கலங்கல் மட்டத்தை வரைபடத்தில் காட்டி, நீர்வளத் துறையின் ஒப்புதல் பெற்ற பிறகே டெண்டர் விட வேண்டும்.” படிக்கும் பொறியாளருக்கு நாளைக்கு என்ன செய்வது என்று தெரிய வேண்டும்.

நன்றாக நடந்ததையும் இதே மாதிரி எழுதுங்கள். ‘சிறப்பாக முடிக்கப்பட்டது’ என்பதால் பயனில்லை. எதனால் சிறப்பு? மழைக்கு முன்பே வேலை உத்தரவு கொடுத்ததாலா, குறிப்பிட்ட உதவிப் பொறியாளர் தினமும் வந்து நின்றதாலா? ஆளால் வந்த வெற்றி, அவர் மாற்றலாகிப் போனதும் போய்விடும். விதியால் வந்தது நிற்கும்.

மதிப்பீடு பெரிய மாற்றத்துக்கு வழிவிட்டதும் உண்டு. 1952 அக்டோபரில் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தை ஆராய பல்வந்த்ராய் மேத்தா குழு போடப்பட்டது. 1957இல் அது கொடுத்த அறிக்கை, மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்புகளிடம் அதிகாரமும் பணமும் இல்லாமல் கிராம வளர்ச்சி நடக்காது என்றது. இன்றைய மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையின் வேர் அங்கே இருக்கிறது.

நம் அறிக்கை நான்கு பக்கத்தைத் தாண்டக்கூடாது. முதல் பக்கத்தில் வாக்குறுதியும் நடந்ததும் எதிரெதிரே. கடைசிப் பக்கத்தில் மாறவேண்டிய வரிகள். நடுவில் படங்களும் அளவுகளும். அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பணியைப் பார்த்த பொறியாளரிடம் ஒரு படி கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் தாருங்கள். கரண்ட் கம்பம் குறுக்கே வந்தது, ரயில்வே அனுமதி கிடைக்கவில்லை, ஒரு வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார் என்று கோப்பில் இல்லாத காரணங்கள் அவர் வாயிலிருந்துதான் வரும். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே சேருங்கள். முதுகில் குத்திவிட்டார்கள் என்று அவர் நினைத்துவிட்டால் அடுத்த எஸ்டிமேட்டில் உங்கள் வரி ஏறாது.

பிறகு நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நகராட்சியின் பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வைக்கப்படும். ஜனவரிக்குள் அறிக்கை ஆணையர் மேசையில் இருக்க வேண்டும். இரண்டு படி எடுத்துப்போய் ஒன்றில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும் நாளில் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சுற்றுப்பட்டு ஊராட்சிகளில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

ஆறு மாதம் கழித்து, அதே வகைப் பணிக்கு நகராட்சி போட்டிருக்கும் புதிய எஸ்டிமேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கடைசிப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். மூடி இடைவெளி இருக்கிறதா, தூர்வாரல் தொகை இருக்கிறதா, கலங்கல் மட்டம் குறித்திருக்கிறதா? இருந்தால் கோப்பைக் கட்டி வைக்கலாம். இல்லையென்றால், ஒப்பந்தப்புள்ளி திறக்கும் தேதி டெண்டர் அறிவிப்பிலேயே இருக்கும். அதற்கு முன்பே கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு பொறியாளரைப் பாருங்கள். வேலை உத்தரவு கையெழுத்தான பிறகு வரைபடத்தை மாற்ற வைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.